எந்தப் பட்டம் முதலில்?

"லாயர் ஆகணும்னு சொல்லிட்டு ஏன்டா வரலாறு எடுத்த?" கோயில் அன்னதானத்தில் இலை போடும்போது ஒரு மாமா கேட்டார். சிரித்து வைத்தேன்.

ஏ லெவல் முடித்ததும் நேராகச் சட்டம் படிக்க எனக்கு மதிப்பெண் போதவில்லை. சிங்கப்பூரில் இன்னொரு வழி உண்டு. ஏதாவது ஒரு துறையில் பட்டம் முடித்துவிட்டு, பட்டதாரிகளுக்காக எஸ்.எம்.யூ. நடத்தும் ஜே.டி. சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். "அப்போ ஈசியா மார்க் வர்ற பாடமா எடு" என்றார்கள் சீனியர்கள். தப்பான யோசனை இல்லை, மார்க் பார்க்கத்தான் செய்வார்கள். பிசினஸ் என்று முடிவும் செய்துவிட்டேன். இரவில் டாக்சி ஓட்டும் அப்பாவின் காசில் பிடித்ததைப் படிப்பது சுயநலம் இல்லையா என்ற குற்ற உணர்வு வேறு.

அப்பா ஒன்றுதான் கேட்டார். "லா கெடைக்கலன்னா இத வெச்சு என்னப்பா செய்வ?"

பிசினஸுக்கு என்னிடம் பதில் இல்லை. வரலாறு என்றால் ஆசிரியராவேன், மனசார.

போன தவணையில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்களின் ஒப்பந்தக் கூலிமுறையைப் படித்தோம். 1910இல்தான் அது ஒழிந்தது. படிக்கத் தெரியாதவர் தாளில் வைத்த கைநாட்டு சம்மதம் ஆகுமா? வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை. வீட்டுக்கு வந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதுவும் சட்டக் கேள்விதானே!

என் மார்க் சுமார்தான். ஜே.டி. கிடைக்காமலும் போகலாம். மாமா மறுபடி கேட்டால் அந்தக் கைநாட்டைப் பற்றிச் சொல்லணும்.