முகமும் பெயரும்

படம் பிடிப்பது நல்லதொரு பொழுதுபோக்கு. ஒளியையும் தூரத்தையும் கணிக்கப் பழகும் இளைஞன், முன்னர் கவனியாது கடந்துசென்ற முகங்களையும் நின்று பார்க்கின்றான். ஆனால், காண்பதையெல்லாம் எடுத்துக்கொள்ள அவனுக்கு உரிமையுண்டா?

1936இல் கலிபோர்னியாவில், கூலித் தொழிலாளர் முகாமொன்றில் பசித்திருந்த ஒரு தாயை டொரதியா லாங் படம் பிடித்தார். பெயரைக் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு போனது. அந்தத் தாயோ அதற்குள் வேறிடம் போய்விட்டார். அவர் புளோரன்ஸ் தொம்சன் என்பது 1978இலேயே வெளிவந்தது. அப்படத்தை எடுக்காமலே விட்டிருக்கலாம் என்றார் அவர்.

லாங் நன்மையே நாடினார். நாமும் அப்படித்தான், கோயில் வாசலில் கையேந்துவோர் முன்னும், மரணவீட்டிலும் கமராவை நீட்டுகின்றோம். "எடுக்கலாமோ அம்மா? பெயரென்ன?" என்று கேட்பதற்குள் ஒளி மாறிவிடும், முகமும் மாறிவிடும். உண்மைதான். அந்தப் படம் போனால் போகட்டும்.