மறுப்பவரைத் தூக்கிச் செல்லலாமா?

சாத்தான்குளம் குளிர் அறியாத ஊர். தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த அந்த வட்டாரத்தில் மார்கழி விடியலுக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும். அங்கே இருப்பவருக்கு, தில்லியில் குளிர் தாங்காமல் ஆள் இறந்தார் என்பது எங்கோ நடக்கும் செய்தி. ஆனாலும் அந்தச் செய்திக்குள் இருக்கும் ஓர் அறக்கேள்விக்கு விடை தேட, சாத்தான்குளத்தைப் போல அடிபட்டுத் தெளிந்த ஊர் வேறில்லை.

கேள்வி இதுதான். உறையவைக்கும் இரவு. நடைபாதையில் ஒருவர் படுத்திருக்கிறார். தங்குமிடத்துக்கு அழைத்துப்போக வண்டி வந்து நிற்கிறது. அவர் வர மாட்டேன் என்கிறார். விட்டுவிட்டுப் போனால் விடிவதற்குள் அவர் இறந்துவிடலாம். அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றலாமா?

சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கி, அது வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி குறைவாகவும் இருந்தால் வானிலைத் துறை அதைக் குளிர் அலை என்கிறது. 4 டிகிரிக்கு இறங்கிவிட்டால் வழக்கத்தோடு ஒப்பிடவே வேண்டாம், அது குளிர் அலைதான். மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனங்கள் இமயமலையில் பனியைக் கொட்டிவிட்டு நகர்ந்ததும், அந்தப் பனியைத் தொட்ட வறண்ட காற்று பஞ்சாப், அரியானா, தில்லி, உத்தரப் பிரதேசம் என்று இறங்கும். மூடுபனி கவிந்துவிட்டால் பகலிலும் வெயில் எட்டிப் பார்க்காது. 2019 டிசம்பர் 30 அன்று தில்லியில் பகலின் உச்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான். 2021 புத்தாண்டு விடியலில் 1.1 டிகிரி.

இதைவிடக் கடுங்குளிரில் ரஷ்யாவிலும் நார்வேயிலும் கோடிக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சுவரும் கூரையும் அடுப்பும் இருக்கின்றன. தில்லியில் இறப்பவருக்கு அவை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர் என்றது. தில்லியில் மட்டும் 46 ஆயிரத்துக்கும் மேல். ஆகவே இந்தச் சாவுகளை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டுக் கையைக் கழுவ முடியாது. 2009 டிசம்பரில், குளிர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பூசா சாலை அருகே இருந்த தற்காலிகத் தங்குமிடத்தை மாநகராட்சியே இடித்தது. அதன்பின் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தலையிட்ட பிறகுதான் தில்லியில் இரவுத் தங்குமிடங்கள் பெருகின. இருந்தும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பலர் அங்கே போக மறுக்கிறார்கள்.

தூக்கிச் செல்லலாம் என்பவர்கள் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், அதன்பின் அறிவு மங்கல். இன்னும் குளிர்ந்தால் நடுக்கமே நின்றுவிடும். சிலர் சாகும் தறுவாயில் உடம்பு எரிவதாக உணர்ந்து உடுத்தியதையும் கழற்றி எறிகிறார்கள். குளிருக்கு இதம் என்று குடிக்கும் சாராயம் தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து உள்சூட்டை இன்னும் வேகமாக வெளியேற்றுகிறது. அந்த நிலையில் இருப்பவர் வேண்டாம் என்று முனகுவதை அவருடைய முடிவு என்று எடுத்துக்கொள்வது சரியா? அதோடு, "அவரே வேண்டாம் என்றார்" என்பது விட்டுவிட்டுப் போகிறவருக்கு வசதியான வாசகம். கம்பளிக்குள் படுக்கப்போகிறவர், தெருவில் கிடப்பவரின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு கொடுமை உண்டு. இறந்தவருக்கு எந்த உரிமையும் மிச்சமில்லை.

ஆனால் மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்று நின்று கேட்டால் காட்சி மாறுகிறது. ரிக்‌ஷா இழுப்பவரின் ரிக்‌ஷா வாடகைக்கு எடுத்தது. அதை விட்டுவிட்டு வந்து, களவு போனால் அவர்தான் பணம் கட்ட வேண்டும். மூட்டை தூக்குபவர் விடியுமுன் மொத்தச் சந்தையில் நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. கணவனும் மனைவியும் என்றால் ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு வேறிடம் என்று பிரிக்கிறார்கள். மூட்டைப்பூச்சி, திருட்டு, பெண்களுக்கு நேரும் தொல்லை என்று காரணங்கள் நீள்கின்றன. எய்ம்ஸ் மருத்துவமனை வாசலில் படுத்திருக்கும் நோயாளியின் உறவினர், காலையில் வரிசையை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் நகர்வதில்லை. இவர்கள் யாரும் அறிவு மங்கியவர்கள் அல்லர். தங்கள் வாழ்க்கையின் கணக்கை நம்மைவிட நன்றாகப் போட்டுவைத்திருப்பவர்கள்.

வண்டியைக் கண்டு அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய 1959ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டம் தில்லியிலும் நடைமுறையில் இருந்தது. ஏழையாகத் தெரிந்தவரைப் பிடித்து அடைத்துவைக்க அது அதிகாரம் தந்தது. அதன் முக்கியப் பிரிவுகளை தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில்தான் செல்லாது என்றது. தெருவில் படுப்பவர்களுக்கு, பல ஆண்டுகள் தங்களைப் பிடித்துப்போக வந்த வண்டியும் காப்பாற்ற வந்த வண்டியும் இருட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சாத்தான்குளம் இந்த இடத்தில்தான் பேச வேண்டும். 2020இல் கொரோனா பொதுமுடக்கம் உயிர்களைக் காக்கவே கொண்டுவரப்பட்டது. அந்த நோக்கத்தில் தவறில்லை. ஜூன் 19 அன்று, நேரம் கடந்தும் கைப்பேசிக் கடை திறந்திருந்தது என்று சொல்லித் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கோவில்பட்டி கிளைச் சிறை. சில நாட்களில், சில மணி நேர இடைவெளியில், இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள் ஒன்பது பேர் மீது கொலைக் குற்றம் சாட்டியது. உயிர் காக்கும் விதியைத் தடியின் கையில் கொடுத்தால் அது எங்கே போய் முடியும் என்பதை அந்த ஊர் இரண்டு பிணங்களாகப் பார்த்தது. நல்ல நோக்கத்துக்காகத்தானே பலவந்தம் என்று யாராவது சொன்னால், அந்தப் பலவந்தத்தைச் செலுத்தப்போவது யார், அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

நியூயார்க்கும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியது. 1981 முதல் அந்நகரில் இடம் கேட்டு வருபவருக்குத் தங்குமிடம் தர நகராட்சி கடமைப்பட்டிருக்கிறது. 2016 ஜனவரியில் மாநில ஆளுநர், வெப்பநிலை உறைநிலைக்கு இறங்கினால் தெருவில் இருப்பவர்களை, தேவைப்பட்டால் அவர்கள் விருப்பத்துக்கு மாறாகவும், உள்ளே கொண்டுபோக உத்தரவிட்டார். தெளிவான மனநிலையில் இருப்பவரை அப்படித் தூக்கிச் செல்லச் சட்டத்தில் இடமுண்டா என்ற வாதம் உடனே எழுந்தது.

இரண்டு பக்கத்தையும் எடைபோட்டால் கோடு ஓரளவு தெரிகிறது. குழந்தைக்கு இதில் தேர்வே இல்லை. அதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் தாயோடு சேர்த்து. உடல் குளிர்ந்து அறிவு மங்கியவரையும் தயங்காமல் எடுத்துச் செல்ல வேண்டும், சாலையில் அடிபட்டு மயங்கியவரைச் சம்மதம் கேட்காமல் தூக்குவதுபோல. ஆனால் அவரைத் தொடும் கை மருத்துவப் பணியாளருடையதாக இருக்கட்டும், போகும் இடம் மருத்துவமனையாக இருக்கட்டும், தெளிந்ததும் அவர் விரும்பிய இடத்துக்குப் போகட்டும். மனநோயோடு அலைபவரைக் காவல் நிலையத்திலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. தெளிவாகப் பேசி மறுப்பவர் மீது மட்டும் கை வைக்க யாருக்கும் அதிகாரமில்லை.

இந்தத் தீர்ப்பால் ஒரு சாவு நேரலாம். அதை மறைக்கக் கூடாது. அதனால்தான், மறுத்தார் என்று எழுதிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டால் கடமை முடிந்ததாகாது. பத்து மணிக்கு மறுத்தவரை ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் போய்ப் பார்க்க வேண்டும். தெளிவு எப்போது மங்கும் என்று யாருக்கும் தெரியாது. கம்பளியும் சூடான பானமும் அவர் இருக்கும் இடத்துக்கே வர வேண்டும். பேகன் மயிலுக்குப் போர்வை தந்த கதையைத் தமிழர்கள் கொடையின் உச்சமாகச் சொல்கிறார்கள். மயில் கேட்கவில்லை, அவன் தந்தான்; தந்ததோடு அதைப் பிடித்துக்கொண்டுபோய்க் கூண்டில் அடைக்கவில்லை. ரிக்‌ஷா நிறுத்தப் பூட்டிய இடமும், குடும்பமாகத் தங்க அறையும், பொருள் வைக்கப் பெட்டியும் கொண்ட தங்குமிடம் இருந்தால் மறுப்பவர்கள் எவ்வளவு பேர் மிஞ்சுவார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு பலவந்தத்தைப் பற்றிப் பேசலாம்.

தாமிரபரணிக் கரையில் உறைகுளிர் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழை உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. பேருந்து நிலையத்திலும் கடைத் திண்ணையிலும் படுப்பவர்களுக்கு அந்த மழையும் குளிர் அலையைப் போன்றதுதான். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறி, லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2011 கணக்கின்படி நெல்லை மாநகரில் 4.7 லட்சம் பேர், தூத்துக்குடி மாநகரில் 2 லட்சத்துக்கும் மேல். உங்கள் ஊரில் எத்தனை தங்குமிடம் இருக்கிறது, அதில் ஒரு குடும்பம் சேர்ந்து தங்க முடியுமா, இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பார்களா என்று அடுத்த மழைக்கு முன் உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்.