ஏரிக்குச் சங்கம் இல்லை

2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாக்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்கான திருத்தம். 'பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா' என்று சொன்னால் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இன்னொன்று நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. இதைச் சொன்னால் எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

முதல் மசோதாவைக் கூட்டணிக் கட்சிகளே அவையில் எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் கிளம்பின. 24ஆம் தேதி முதல்வர் நிறுத்திவைப்பதாகச் சொன்னார். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இரண்டாவது மசோதாவையும் விவசாயச் சங்கங்களும் பூவுலகின் நண்பர்கள் போன்ற சூழல் அமைப்புகளும் எதிர்க்கத்தான் செய்தன. ஆனாலும் அது ஆளுநர் ஒப்புதல் பெற்று, சட்டமாகி, 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

செங்கல்பட்டுப் பக்கம் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கு. இரண்டு மசோதாவும் வந்து இறங்குகிற மண் இது. மறைமலை நகரிலும் மகேந்திரா சிட்டியிலும் ஷிஃப்ட் பஸ்கள் ஓடுகின்றன. அதே மாவட்டத்தில்தான் கொளவாய், மதுராந்தகம், தையூர் ஏரிகள். ஓர் ஏரியின் கலங்கலில் வழிகிற தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போய், கடைசியில் பாலாற்றிலோ கோவளம் பக்கத்து உப்பங்கழியிலோ சேர்ந்து கடலைத் தொடும். ஒரே மாவட்டத்தைத் தொடுகிற இரண்டு மசோதாக்களில் ஒன்றை மட்டும் ஊர் எப்படிப் படித்தது?

தொழிற்சாலை மசோதா 65ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தருவது அதன் சாரம். வெறும் எண்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்தால்தான் அவை பேசும். 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேரம். 52 வார விடுமுறை. 54 நாளுக்கு 9 மணி நேரம். 55 இடைவேளை. 59 கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். மென்பொருள் வேலையில் இதை டிஃப் என்போம்: மாறுகிற வரிகள் மட்டும் இருக்கும் காகிதம். மூலநிரலைத் திறக்காமல் டிஃப் படிக்கிறவருக்கு ஒவ்வொரு மாற்றமும் சின்னதாகத்தான் தெரியும். இந்த எண்களைத் தூக்கத்தின், சம்பளத்தின் கணக்காக மாற்றிச் சொல்லத் தொழிற்சங்கங்களில் ஆள் இருந்தது. அதனால்தான் அந்த மசோதா தெருவுக்கு வந்தது.

நில மசோதா வேறு மாதிரி. 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளை உள்ளடக்கிய நிலப்பரப்பில் வரும் திட்டத்தைச் 'சிறப்புத் திட்டம்' என்று அரசு அறிவிக்கலாம். பெரிய திட்டங்களுக்குள் சிக்கும் நீர்நிலைகளைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம் என்கிறது அரசு. நீர்நிலைகளைத் திட்டக்காரர்கள் கையில் கொடுக்கும் வழி இது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். யார் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதைப் பேசித் தீர்க்க நமக்கு எத்தனை நாள் கிடைத்தது என்பதே என் கேள்வி. விவாதமே இல்லாமல் நிறைவேறியது என்பதுதான் எதிர்த்தவர்களின் முதல் குற்றச்சாட்டு.

'சட்டம் தெரியாது' என்று நீதிமன்றத்தில் தப்பிக்க முடியாது. இது நம் தலையில் இருக்கும் கடமை. அப்படியென்றால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு கடமை இருக்கணும் இல்லையா? இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1951இல் ஹர்லா வழக்கில் சொன்னது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அபின் சட்டம் மக்களுக்கு முறையாக வெளியிடப்படவே இல்லை. அதனால் அதைக் காட்டித் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பு. ஆனால் 'வெளியிட்டாச்சு' என்பது மட்டும் போதுமா? ரோமப் பேரரசர் கலிகுலா மக்கள் கேட்டதற்காக வரிச் சட்டத்தை வெளியிட்டாராம். பொடி எழுத்தில், நெருக்கலான இடத்தில், யாரும் நகலெடுக்க முடியாதபடி. வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் சொல்லும் கதை இது.

கண்ணில் படுவது வேறு, புரிவது வேறு. மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. சிற்பத்துக்கு அது அழகு. சட்டத்துக்கு அப்படி ஒரு மயக்கம் இருந்தால் யாரோ ஒருவர் நிலத்தை இழப்பார்.

"இதுக்குத்தானே எம்எல்ஏவை அனுப்பியிருக்கோம்? எல்லாரும் எல்லா மசோதாவையும் படிச்சா பொழப்பு என்னாகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். குரல் வாக்கெடுப்பிலோ யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்பது பதிவாவதே இல்லை. நமக்காகப் படிக்க அனுப்பியவரிடம் 'படிச்சீங்களா, என்ன சொன்னீங்க' என்று கேட்கப் பிடிமானம் இல்லை. அப்புறம் எதை நம்பிப் படிக்கும் வேலையை மொத்தமாக ஒப்படைப்பது?

அதற்காக எல்லாரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. அவரவர் பிழைப்பு தொடுகிற சட்டத்தை அவரவர் படித்து, பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரிகிற தமிழில் சொன்னால் போதும். சங்கங்கள் செய்தது அவ்வளவுதான். டிஃப் படிக்கத் தெரிந்த என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுப்பு: பழைய பிரிவையும் புதிய பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது. அரசிடம் கேட்க வேண்டியதும் அதிகம் இல்லை. அந்த ஒப்பீடும், அதைப் படிக்கச் சில வாரங்களும். ஒன்றிய அரசு 2014இல் வகுத்த கொள்கைப்படி, சட்ட வரைவுகள் மக்கள் பார்வைக்குக் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். அங்கேயும் ஒழுங்காகப் பின்பற்றப்படுவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கேட்கிற அளவு நியாயமானது என்பதற்கு அது சாட்சி.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துத் தேர்தல் விதிகள் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. அதைப் பொற்காலமாக்க வேண்டாம். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான அவை அது. சுவர் எல்லாருக்கும் தெரிந்தது, உள்ளே சிலர்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் அந்த விதிகளில் 'ஏரி வாரியம்' என்று ஒன்று உண்டு. குடவோலையில் பெயர் வந்தவர்கள் ஓராண்டுக்கு ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏரியால் தன் கட்சியைப் பேச முடியாது, அதற்கென்று ஆள் வேண்டும் என்பது ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இன்று தையூர் ஏரிக்காக மசோதாவைப் படிப்பது யார் பொறுப்பு என்று கேட்டால், சொல்ல ஒரு பெயர் நம்மிடம் இருக்கிறதா?