கல்லின் பின்பக்கம்

அப்பத்தாவின் ஏழு கல் தோட்டை இன்று காலை வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சின்ன வயதில் அது மூடிய கட்டு. ஒவ்வொரு வைரமும் தன் அளவுக்கு ஒரு தங்கக் குழிக்குள், அடியில் வைத்த மெல்லிய தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். கல்லின் பின்பக்கத்தை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. குளிக்கப் போகுமுன் அப்பத்தா தோட்டைக் கழற்றி, மாடத்தில் ஒரு சிமிழுக்குள் போட்டுவைப்பாள். "உள்ள தண்ணி எறங்கிருச்சுன்னா கல்லு செத்துப்போயிரும் தாயி" என்பாள். தகடு கறுத்துவிடும் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது.

அம்மா கைக்கு வந்ததும் அதைப் பிரித்துத் திறந்த கட்டாகக் கட்டினார்கள். இப்போது திருப்பிப் பார்த்தால் ஏழு சின்ன ஜன்னல்கள். வெளிச்சம் பின்னாலிருந்தும் நுழைகிறது. கல் நன்றாக மின்னுகிறது, முன்னைவிட அதிகமாகவே. அப்பத்தா விளக்கேற்றக் குனியும்போது காதோரம் தெரியுமே, மஞ்சள் கலந்து உள்ளேயே தங்கியிருந்த வெளிச்சம், அது மட்டும் இல்லை.

நம் மகாராஜாக்கள் பாரிஸுக்குக் கொண்டுபோன நகைகளைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். எதைப் படித்தாலும் கடைசியில் இந்த இரண்டு கட்டுகளிடமே வந்து நிற்கிறேன்.

*

வடக்கே அரண்மனை நகைகளுக்கு உயிர் குந்தன வேலை. நம் பத்தர்களிடமும் புழங்கிய சொல்தான். தங்க ஓட்டுக்குள் அரக்கை நிரப்புவார்கள். அதில் பள்ளம் செய்து, பளபளக்கும் தகட்டை வைத்து, கல்லை அமர்த்துவார்கள். பிறகு சொக்கத் தங்கத்தை மெல்லிய நாடாவாக அடித்து, கல்லின் ஓரம் சுற்றி எஃகு முனையால் அழுத்திக்கொண்டே போவார்கள். அவ்வளவு சுத்தமான தங்கம் அழுத்தத்திலேயே தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும். பொடி வைத்து ஊத வேண்டாம். ஒட்டுவதற்கு நெருப்பே வேண்டாம்.

இதனால் ஒரு பெரிய விடுதலை கிடைத்தது. கல் எந்த வடிவில் இருந்தாலும் சரி, கோணலாக, ஒருபக்கம் பருத்து, விளிம்பு நெளிந்து இருந்தாலும் தங்கம் அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். நகைக்குப் பொருந்துவதற்காகக் கல்லைத் தேய்க்க வேண்டியதில்லை. மண் கொடுத்த உருவத்தையும் எடையையும் முடிந்தவரை காப்பதே அரசர்களின் ரசனையாக இருந்தது. முகலாயர்கள் சிவப்புக் கற்களை உருட்டி மெருகிட்டு, துளையிட்டு, மேலே தங்கள் பெயரைப் பொறித்தார்கள். பட்டை தீட்டவில்லை. வம்சத்தில் அடுத்து வந்தவர் அதற்குப் பக்கத்தில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார்.

குந்தன நகையைத் திருப்பினால் இன்னொரு உலகம். வெள்ளைத் தரையில் சிவப்புப் பூ, பச்சை இலை, சில சமயம் ஒரு பறவை. மீனா எனப்படும் எனாமல் வேலை. அது படுவது அணிந்தவரின் தோலில்தான். வைரம் சபைக்கு, பூ உடம்புக்கு. ஒருவர் கழுத்தில் அது கிடக்கும்போது அந்தப் பூக்களைப் பார்க்க யாராலும் முடியாது. ஆனாலும் முன்பக்கத்துக்குக் குறையாத கவனத்தோடு, ஒரு முடியளவு கோடு பிசகாமல் அதைச் செய்திருக்கிறார்கள். இந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் கோயில் கோபுரத்தின் உச்சியில், யார் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் விரல் நகம்வரை செதுக்கியவர்களின் நினைவு வருகிறது.

அந்த மீனா இங்கேயே பிறந்தது அல்ல என்பதுதான் என்னை நிறுத்தியது. எனாமல் வேலை 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியாக இங்கே வந்தது என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். ஜஹாங்கீர் அரசவையில் போர்தோ நகரத்து அகுஸ்தின் என்றொரு பிரெஞ்சு நகைக் கலைஞர் இருந்தார். பேரரசர் அவருக்கு ஹுனர்மந்த், அதாவது கைத்திறன் உள்ளவர், என்று பட்டம் கொடுத்தார். இந்திய நகையின் மிக அந்தரங்கமான இடத்தில் இத்தனை நாளும் ஒரு விருந்தாளி குடியிருந்திருக்கிறார்.

*

கோஹினூர் வைரத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு செய்தி. 1851இல் லண்டன் படிக மாளிகைக் கண்காட்சியில் அதைக் காட்சிக்கு வைத்தபோது பார்க்க வந்த கூட்டம் ஏமாந்துபோனது. கல் மின்னவில்லை. அடுத்த ஆண்டே இளவரசர் ஆல்பர்ட்டின் மேற்பார்வையில் அதைப் புதிதாகப் பட்டை தீட்டினார்கள். ஏறத்தாழ 190 காரட் இருந்தது 105.6 காரட் ஆனது.

அதே கல்லை இங்கே அரசர்கள் கையில் கட்டியிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் அது மங்கலாகத் தெரிந்திருக்காது. ஐரோப்பாவும் 18ஆம் நூற்றாண்டு வரை கல்லுக்கு அடியில் தகடு வைத்து மூடித்தான் கட்டியது. அதன் பிறகுதான் அவர்கள் பின்பக்கத்தைத் திறக்கத் தொடங்கினார்கள். இரண்டு ஊர்க் கண்களும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து, பிறகு பிரிந்திருக்கின்றன.

*

1911 டிசம்பரில் டெல்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திருந்தார். பாரிஸின் கார்ட்டியர் நகை நிறுவனக் குடும்பத்தின் இளைய மகன் ஜாக் கார்ட்டியரும் அந்த வேளையில் இந்தியா வந்தார். இங்கே ராஜாக்களே பெண்களைவிட நிறைய நகை அணிவதையும், தங்கள் குலக் கற்களைப் பாரிஸ் மோஸ்தரில் மாற்றிக் கட்ட ஆசைப்படுவதையும் பார்த்தார்.

அந்த ஆசையின் உச்சம் பாட்டியாலா. 1928இல் மகாராஜா பூபிந்தர் சிங் பாரிஸின் புஷரோன் நகை நிறுவனத்துக்குப் பெட்டி பெட்டியாகக் கற்களைக் கொண்டுபோனார். 7,571 வைரங்கள், 1,432 மரகதங்கள் என்று கணக்கு இருக்கிறது. அவற்றைக் கொண்டு 149 நகைகள் செய்தார்கள். அதே ஆண்டில் கார்ட்டியர் அவருக்குச் செய்து முடித்த கழுத்தாரத்தில் 2,930 வைரங்கள். நடுவே தொங்கிய மஞ்சள் வைரம் மட்டும் 234.65 காரட்.

அந்தக் கற்களின் விலை எந்த வயல்களில் விளைந்தது என்ற கேள்வியைத் தள்ளிவிட்டு என்னால் இதை எழுத முடியவில்லை. அந்த 2,930க்கும் நிலவரி கட்டிய கை ஒன்று உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டே அந்த ஆரத்தின் புகைப்படத்தைப் பார்க்கிறேன்.

முழுக்கப் பிளாட்டினம். வெள்ளியைப்போல் கறுக்காத, மிக உறுதியான உலோகம். அதனால் மிகக் கொஞ்சமாக வைத்தாலே கல்லைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய கம்பிதான், பின்னால் வெறும் வெளி. ஒளி எந்தத் தடையும் இல்லாமல் ஊடுருவும். அரக்கு இல்லை, தகடு இல்லை, தோலைத் தொடும் பூவும் இல்லை. கைவேலை முழுக்கப் பாரிஸ்.

ஆனால் அதன் உருவத்தைப் பாருங்கள். கழுத்தை ஒட்டி ஒரு பட்டை, அதற்குக் கீழே மார்பு நிறைய அடுக்கடுக்காகச் சங்கிலிகள். அன்றைய பாரிஸில் எந்த ஆணும் அப்படி ஒன்றை அணிந்திருக்க மாட்டார். பெண்ணும்கூட அந்த அளவில் அணிந்திருக்க மாட்டார். நம் ஊர் உற்சவ மூர்த்தியின் மார்பில் சாத்தும் ஆரங்களைப் பார்த்த கண்ணுக்கு அந்த அடுக்கு உடனே பிடிபடும். மகாராஜா ஐரோப்பாவைப் பார்த்து அப்படியே செய்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்டது புதிய உலோகத்தைத்தான். நகை உடம்பில் எப்படிக் கிடக்க வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

*

இந்த நாள்களில் என்னை அதிகம் பிடித்துவைத்திருப்பது மரகத இலை.

பாரிஸில் 1920களில் ஒரு புது வகை நகை பிறந்தது. மாணிக்கம், நீலம், மரகதம் மூன்றையும் இலையாக, பூவாக, மொட்டாகச் செதுக்கி, வைரம் பதித்த கொடியில் நெருக்கமாகக் கோத்தது. அதுவரை அங்கே வெள்ளைக்குத்தான் மதிப்பு. நிறங்களைச் சேர்ப்பதாக இருந்தாலும் அடக்கமாகச் சேர்ப்பார்கள். சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே கொடியில் தோளோடு தோள் உரசி நிற்பதை அவர்கள் இங்கிருந்துதான் கற்றார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அதற்கு 'தூத்தி ஃப்ரூத்தி' என்று பெயர் வந்தது. ஏதோ ஐஸ்கிரீம் பெயர்போல எனக்குப் படுகிறது. அந்தக் கற்களுக்கு அது பொருந்தவில்லை.

செதுக்கிய கற்கள் இந்தியாவிலிருந்தே போயின. பலவற்றில் உள்ளே கீறலும் மேகமும் உண்டு. பட்டை தீட்டினால் அந்தக் குறை பளிச்சென்று தெரியும். இலை நரம்பாகச் செதுக்கினால் கண் நரம்பின் வழியே போய்விடும், கீறல் நிழலாகிவிடும். குறையுள்ள கல்லையும் தள்ளிவிடாத ஒரு கை இங்கே இருந்திருக்கிறது.

அந்தப் பச்சை எங்கே பிறந்தது? நல்ல மரகதங்களில் பல கொலம்பியாவின் மலைகளிலிருந்து வந்தவை. ஸ்பானியர் வெட்டி எடுத்து, கப்பலேற்றி, போர்த்துகீசியர் கையால் கோவா வழியாக முகலாயர் கருவூலத்துக்கு வந்து சேர்ந்தவை. அதன்மேல் செதுக்கிய பூவுக்கும் இதே அளவு நீண்ட பயணம் உண்டு. 1580இல் ஏசு சபைப் பாதிரிமார் ஃபத்தேபூர் சிக்ரியில் அக்பரைச் சந்தித்தபோது ஐரோப்பாவில் அச்சான நூல்களையும் படங்களையும் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த மூலிகை நூல்களில் ஒவ்வொரு செடியும் தனியாக, வெறும் தாளில், தண்டும் இலையும் மலருமாக நிற்கும். ஜஹாங்கீருக்குப் பூக்கள் மீது தீராத பற்று. காஷ்மீரத்து வசந்தத்தில் ஓவியர் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்ததாகப் பேரரசரே தம் நினைவுக் குறிப்பில் பதிந்திருக்கிறார். ஐரோப்பிய நூலின் அந்தத் தனிச்செடி இங்கே காற்றில் லேசாகச் சாய்ந்தது, இதழ் நுனி சுருண்டது. பிறகு தாஜ்மகாலின் சுவரில் ஏறியது, பட்டுத் துணியில் இறங்கியது, மரகதத்துக்குள் புகுந்தது.

தோஹா அருங்காட்சியகத்தில் ஒரு மரகதம் இருக்கிறது. 217.80 காரட். ஒரு முகத்தில் பூக்கள், மறுமுகத்தில் அரபு எழுத்தில் பிரார்த்தனை, ஹிஜ்ரி 1107 என்ற ஆண்டு, அதாவது 1695-96. பிரார்த்தனை உள்ளே, மார்பைத் தொட்டபடி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ள எனக்குப் பிடிக்கிறது.

அப்படியானால் 1925இல் ஒரு பாரிஸ் பெண்மணியின் மணிக்கட்டில் மரகத இலை அசைந்தபோது, அவள் அதைக் கீழ்நாட்டின் அதிசயம் என்று நினைத்துப் பார்த்திருப்பாள். அவளுடைய முன்னோரின் மூலிகைப் புத்தகத்திலிருந்து புறப்பட்ட செடியின் இலை அது. முன்னூறு ஆண்டு வெளியூரில் வாழ்ந்து, வேறு மண்ணின் வளைவைக் கற்றுக்கொண்டு, அடையாளம் தெரியாமல் வீடு திரும்பியிருக்கிறது.

*

1936இல் டெய்சி ஃபெலோஸ் என்ற சீமாட்டிக்குக் கார்ட்டியர் ஓர் 'இந்து ஆரம்' செய்தது. செதுக்கிய இலைகள், தொங்கும் நீலக் கற்கள். அதைப் பின்கழுத்தில் கொக்கியால் மாட்டவில்லை. நம்மைப்போலவே ஒரு கறுப்புக் கயிற்றால் கட்டினார்கள். கற்களின் விலையைப் படித்ததைவிட அந்தக் கயிற்றைப் பற்றிப் படித்தபோது என் மனம் அதிகம் அசைந்தது. கயிறு என்றால் அவரவர் உடம்புக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். ஒருவர் பின்னால் நின்று கட்டிவிட வேண்டும். அப்பத்தாவுக்கு அட்டிகையின் பட்டுக்கயிற்றை நான்தான் முடிச்சிடுவேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "கழுத்த இறுக்காத, லூசாவும் விடாத" என்பாள்.

அந்தச் சீமாட்டி இறந்தபின், 1963இல், மகள் அந்த ஆரத்தை மாற்றி அமைத்துக்கொண்டாள்.

*

பாட்டியாலா ஆரம் 1948 வாக்கில் கருவூலத்திலிருந்து காணாமல் போனது. மஞ்சள் வைரம் 1982இல் ஜெனீவா ஏலத்தில் தலைகாட்டியது. 1998இல் லண்டனில் ஒரு பழைய நகைக்கடையில் ஆரத்தின் சங்கிலிகள் கிடைத்தன. பெரிய கற்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. கார்ட்டியர் நிறுவனமே அதை வாங்கி, மாற்றுக் கற்கள் வைத்து மீண்டும் கட்டியது.

கல் போன இடத்தில் பிளாட்டினக் கம்பிகள் நின்ற நிலையை அடிக்கடி நினைத்துப்பார்க்கிறேன். திறந்த கட்டில் கல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வழிதான், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும் வழி. மூடிய கட்டில் எடுத்தால் அரக்கு மிஞ்சும். அரக்கில் கல் உட்கார்ந்த தடம் மிஞ்சும்.

*

மாலை. அம்மாவின் பீரோவில் தேடியபோது மஞ்சள் தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம் கிடைத்தது. தோட்டைப் பிரித்த பத்தர் அன்று திருப்பிக் கொடுத்தது. தங்கம் உருக்கப் போய்விட்டது. உள்ளே கல்லுக்கு அடியில் இருந்த தகடுகள், ஒவ்வொன்றும் மிளகளவு. ஆறு கறுத்துவிட்டன. ஒன்று மட்டும் ஓரத்தில் கறுத்து, நடுவில் இன்னும் மஞ்சளாக இருந்தது.

மின்விளக்கை அணைத்துவிட்டுக் குத்துவிளக்கில் ஒரு திரி ஏற்றினேன். தோட்டை ஒரு கையில் பிடித்து, இடுக்கியால் அந்தத் தகட்டை எடுத்து, நடுக்கல்லின் ஜன்னலுக்குப் பின்னால் மெல்ல வைத்தேன். சுற்றியிருந்த ஆறு கற்களும் திரியோடு சேர்ந்து துடித்துக்கொண்டிருந்தன. நடுக்கல் மட்டும் துடிப்பை நிறுத்தி, உள்ளிருந்து நிறைந்து, மஞ்சளாக நின்றது.

என் கை நடுங்கியது. தகடு துணிமேல் விழுந்தது. குனிந்து தேடி எடுத்து, மறுபடி வைத்தேன்.