துருவும் மௌனமும்

இங்கிலாந்தில் பழைய கேம்பர்வேன் ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும், சக்கரம் வைத்த வீடு. என்ன விலை கொடுப்பீர்கள்?

மேலே பெயின்ட் பளபளக்கும்; அடியில் துரு தின்றிருக்கும். கூரையில் கசிந்த மழைநீர் பலகைக்குள் ஊறியிருக்கும். விற்பவருக்கு இது தெரியும். உங்களுக்குத் தெரியாது.

இந்த வித்தியாசம் சந்தையையே கெடுத்துவிடும் என்று, பழைய கார்களை உதாரணம் காட்டி 1970-ல் எழுதினார் ஜார்ஜ் அகர்லாஃப். ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் எல்லோரும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்காமல் ஒதுங்கிவிடுவார். மிஞ்சுவது ஓட்டை உடைசல். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இவரும் ஒருவர்.

சரி, இப்போது திருப்பிப் போடுவோம். கணவரை இழந்த மூதாட்டி, வாசலை அடைத்து நிற்கும் வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட நினைக்கிறார். அது மூன்று மடங்கு பெறும் என்று உங்களுக்குத் தெரியும். பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தால்? பொய் சொல்லவில்லைதான். துருவைச் சொல்லாதவரும் பொய் சொல்லவில்லையே!

‘நான் அலைந்து திரிந்து கத்துக்கிட்டதுக்குக் கூலி வேண்டாமா?’ என்பீர்கள். வேண்டும்தான். கூலி வேறு, சுருட்டல் வேறு.

இவருக்குத் தெரிந்தது அவருக்கும், அவருக்குத் தெரிந்தது இவருக்கும் தெரிந்த பிறகும் இருவரும் தலையாட்டுகிற விலைதான் நியாய விலை. தாராளமாகப் பேரம் பேசுங்கள். ஆனால், ‘விஷயம் அந்தப் பாட்டிக்குத் தெரியாம இருக்கணுமே’ என்று மனசு படபடத்தால், கொடுத்தது குறைச்சல் என்று அர்த்தம்.