பச்சை விரிப்பின் மாதங்கள்

பங்காருபாளையத்து மாந்தோப்புகள் பூவெடுக்கும் மார்கழி, தையில் கிறிஸ்து ஜனன விழாவும், பிஞ்சு பிடிக்கும் மாசி, பங்குனியில் தபசு நாட்களும் வந்து போக, பெந்தெகொஸ்தே முதல் திருவருகைக் காலம் வரை ஏறத்தாழ ஆறு மாதம் நீள்வதும், பீடத்தின்மேல் பச்சை விரிப்பு விளங்குவதுமான சாதாரண காலத்தையே நான் பெரிதும் போற்றுகிறேன். 1853இல் தோன்றிய ஆற்காடு மிஷனின் வழிவந்த சித்தூர்ச் சீமைச் சபையாருக்கு அது கிளிமூக்கு மாங்காய் பறிக்கும் பருவமுமாகும். ஏறத்தாழ முப்பது வயது வரை நாசரேத்தில் ஊர் அறியாத தச்சராய் வாழ்ந்த இயேசுபிரானின் சாந்நித்தியம், விசேஷம் ஏதுமற்ற அந்நாட்களில், காம்புப் பால் பட்டுப் புறங்கை வெந்திருக்க, இன்று என்ன விலை கிடைக்குமோ என்ற கவலையோடு சந்தைக்கு வண்டியேற்றுவோரின் நடுவிலேயே விளங்குகிறது.