கருதாக் கொலை

கொல்லுங் கருத்தின்றி நிகழுங் கொலை வினையாய் வந்து பற்றுமோ என வினவுவார் உளர். மெக்சிகோ நாட்டுக் கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் மட்டுமே வாழும் வக்கீட்டா என்னுஞ் சிறு கடற்பாலூட்டியை ஈண்டு நோக்குவாம். அதனை வேட்டையாடுவார் ஒருவருமிலர். தொத்தோவாபா மீனின் காற்றுப்பையைச் சீனத்துச் செல்வர் பெருவிலைக்குக் கொள்ப. அம்மீனுக்கு விரித்த செவுள்வலையிற் சிக்கி, மூச்சு வாங்க மேலெழ மாட்டாது வக்கீட்டா மாய்கின்றது. 1997இல் ஏறக்குறைய 570 ஆக இருந்தவற்றுள் இன்று எஞ்சியவை பத்தளவினவே. 2017இல் அரசு அவ்வலையை விலக்கியும் கள்ளத்தனமாக விரித்தல் ஒழிந்திலது.

முதன்முறை வலை வீசியவன் அறிந்திலன் எனலாம். வலையிற் பிணங் கண்டபின்னும் அதனையே விரிப்பானுக்கு அறியாமை எங்ஙனங் கூடும்? ஆயினும் அவனுக்கு வயிற்றுப்பாடு உண்டு. அதனை யாம் எளிதென்று கொள்ளேம். விலை கொடுத்து விருந்துண்பார்க்கோ அதுவுமில்லை.